ஒரே நாளில் ரீஃப் டேங்க் வைத்துத் தருகிறோம் என்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள்

பாலக்காடு மாவட்டத்து எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்து ஆட்கள் மீன் தொட்டிச் சாமான் என்றால் கோயமுத்தூருக்குத்தான் வண்டியை எடுப்போம். நானும் அங்கே ஒரு கடையில்தான் ரீஃப் டேங்குக்கு, அதாவது பவளப்பாறை போல அமைக்கும் கடல் மீன் தொட்டிக்கு, பணம் கட்டினேன். புகார் போயிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. இதே பேச்சைப் பேசும் கடை வேறு எங்கே இருந்தாலும் உஷாராக இருங்கள்.

நூறு லிட்டர் தொட்டி, லைட், ஸ்கிம்மர் (கழிவை நுரையாக அள்ளும் கருவி), வேவ் மேக்கர் (தண்ணீரில் அலை கிளப்பும் மோட்டார்), கேன் கேனாகக் கடல் தண்ணீர், லைவ் ராக் (நல்ல பாக்டீரியா குடியிருக்கும் கடல் பாறை), ஒரு ஜோடி கிளவுன் மீன், எலுமிச்சை மஞ்சளில் ஒரு அனிமோன், அதாவது கடல் சாமந்தி. எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய். காலையில் கொண்டுவந்து இறக்கினார்கள், பொழுது சாய்வதற்குள் மீனையும் விட்டாயிற்று. "சைக்கிள் ஆக வேண்டாமாண்ணா?" என்று கடைக்காரரைக் கேட்டேன். "அதெல்லாம் அந்தக் காலமுங்க, இந்த பாட்டில ஊத்துனா போதும்" என்றார். மீன் கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா தொட்டியில் நிலைகொள்ளச் சாதாரணமாக 4 முதல் 6 வாரம் பிடிக்கும், இதைத்தான் சைக்கிள் என்பது. பாட்டிலில் வரும் பாக்டீரியா இதைக் கொஞ்சம் வேகப்படுத்தலாம். ஆனால் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று டெஸ்ட் கிட்டில் பார்த்த பிறகுதான் மீனை விட வேண்டும். அந்தக் கிட்டை அவர்கள் கண்ணிலேயே காட்டவில்லை.

முதலில் போனது அனிமோன். வந்த அன்றே அதன் பாதம் எந்தக் கல்லிலும் ஒட்டவில்லை, வாய் பிளந்தபடியே இருந்தது. போட்டோ அனுப்பினால் "செட் ஆயிடும்ங்க" என்று பதில். அப்புறம் மஞ்சள் மெல்ல மெல்ல வெளுத்துக் கடைசியில் கண்ணாடி போலாகிவிட்டது. பாலக்காட்டில் பல வருடமாகக் கடல் மீன் வளர்க்கும் நண்பர் ஒருவர் பார்த்ததுமே சாயம் என்றார். அனிமோனின் உடம்புக்குள் வாழும் நுண்பாசிதான் அதற்குப் பெரும்பங்கு சாப்பாடு போடுகிறது. அந்தப் பாசி இருந்தால் பழுப்போ பச்சை கலந்த நிறமோ தெரியும். பாசியை இழந்து வெளுத்துப்போனதைச் சாயத்தில் முக்கி 'அபூர்வ வகை' என்று கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். செத்த அனிமோன் அழுகி அம்மோனியா ஏறியது, இரண்டு கிளவுனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கின. இரண்டும் பிழைக்கவில்லை.

தண்ணீர் கதை இதைவிட மோசம். நண்பர் உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தபோது, கடல் நீருக்கு உரிய 35 சரியாகக் காட்டியது. அதோடு விட்டிருந்தால் தெரிந்திருக்காது, அவர் கால்சியம் கிட்டையும் எடுத்தார். சின்னக் குப்பியில் கிட்டின் பொடி கலந்த தொட்டித் தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது. அது நீலமாகும் வரை ஊசிக்குழலில் மருந்தைச் சொட்டு சொட்டாக விட வேண்டும். கடல் நீரில் லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கும் என்பதால் குழலில் பெரும்பகுதி காலியாகும். இங்கே அழுத்த ஆரம்பித்ததுமே நீலமாகிவிட்டது, கணக்குப் போட்டால் நூறைக்கூடத் தொடவில்லை. உப்பு இருக்கிறது, கால்சியம் இல்லை. போர் தண்ணீரில் சமையல் உப்பைக் கரைத்துக் கேனில் அடைத்திருக்கிறார்கள். "பொன்னானிக் கடல்ல இருந்து ஃப்ரெஷ்ஷா வருதுங்க" என்று வேறு சொல்லியிருந்தார்கள்! மெரைன் சால்ட் (கடல் மீன் தொட்டிக்கென்றே தயாரிக்கும் உப்பு) வாங்கி, வடிகட்டிய ஆர்.ஓ. தண்ணீரில் நீங்களே கலக்குங்கள். எங்கள் பக்கத்துப் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு தொல்லை இருப்பது ஊருக்கே தெரியும், அதை நேராக ஊற்றிவிட வேண்டாம்.

பணம் போனால் போகிறது. லைவ் ராக் என்று கொடுத்த கல்தான் என்னைத் தூங்கவிடவில்லை. கழுவிப் பார்த்தால் மேலெல்லாம் நெருக்கமாக நட்சத்திர வடிவக் குழிகள். பவளத்தின் எலும்புக்கூடு. கல் உருவாக்கும் பவள வகைகள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலி இருக்கும் அதே அட்டவணை. விற்பது மட்டுமில்லை, வைத்திருப்பதும் குற்றம். 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. கடல் குதிரையும் அதே பட்டியலில்தான், அதையும் 'ஸ்டாக் இருக்குங்க' என்று காட்டினார்கள். இந்தக் கல்லை வண்டியில் வைத்துக்கொண்டு வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டியிருக்கிறார்கள், எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல். கல்லை வனத்துறை அலுவலகத்தில் எங்கே வாங்கினேன் என்று எழுதிக் கொடுத்து ஒப்படைத்துவிட்டேன். சுட்ட களிமண்ணிலும் சிமெண்டிலும் செய்த செயற்கைப் பாறை கிடைக்கிறது. பாக்டீரியா அதிலும் நன்றாகவே தங்கும். கிளவுன் மீனும் கடலில் பிடித்ததாக இருக்க வேண்டியதில்லை. மண்டபம், விழிஞ்ஞம் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி மையங்களில் அதைக் குஞ்சு பொரிக்க வைத்து வெகுகாலம் ஆகிறது. குஞ்சு பொரித்து வளர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "நீங்க கேரளா, நாங்க தமிழ்நாடு, எங்கீங்க கேஸ் போடுவீங்க?" என்றார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே போடலாம், 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது. பாலக்காட்டில் போட்டிருக்கிறேன். அவர் கொடுத்தது பில் இல்லை, 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த துண்டுச் சீட்டு. ஜி.எஸ்.டி. எண்கூட அதில் இல்லை. ஆனால் ஜிபேயில் பணம் போன பதிவும், "கடல் தண்ணிதானுங்க" என்று அவரே அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவும் என்னிடம் இருக்கின்றன.