தலைக்கு 3,500 ரூபாய்க்கு ஒரு பாகுபாடு ஒழிப்பு வகுப்பு

அலுவலகத்தில் பாரபட்சம் ஏன் வருகிறது, எப்படிக் களைவது என்று ஒருநாள் வகுப்பு நடத்தும் நிறுவனங்கள் சென்னையில் பெருகிவிட்டன. அப்படி ஒன்றுக்கு அம்பத்தூரில் உள்ள எங்கள் தொழிற்சாலை, மேற்பார்வையாளர்களோடு ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கும் என்னையும் அனுப்பியது. தலைக்கு 3,500 ரூபாய், வரி தனி. தியாகராய நகரில் ஓர் ஓட்டலின் மாடி அரங்கு. குளிர்சாதனம் நடுங்க வைத்தது. காபி நன்றாக இருந்தது.

காலை அமர்வில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாசலிலேயே காசு சுண்டிப் பார்த்து ஆளுக்கொரு பட்டை, நீலமோ மஞ்சளோ, கையில் கட்டிவிட்டார்கள். பிறகு ஒருவருக்கொருவர் மதிப்பெண் போடச் சொன்னார்கள். முன்பின் தெரியாத நீலப் பட்டைக்காரருக்கு எங்கள் நீல மேசை அள்ளி வழங்கியது. மஞ்சளுக்குக் கிள்ளித்தான் கொடுத்தது. அதன் பிறகே பயிற்றுநர் ஹென்றி தாஜ்ஃபெல்லைப் பற்றிச் சொன்னார். சமூக உளவியலாளர், போலந்தில் பிறந்த யூதர். பிரெஞ்சுப் படையில் இருந்து ஜெர்மானியரிடம் போர்க்கைதியாகி உயிர் தப்பியவர். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரப் பள்ளி மாணவர்களை, க்ளே ஓவியம் பிடிக்குமா காண்டின்ஸ்கி ஓவியம் பிடிக்குமா என்று கேட்டு இரண்டாகப் பிரித்தார். கேட்டது பெயருக்குத்தான், பிரித்தது குத்துமதிப்பாக. ஆனாலும் பையன்கள் தங்கள் அணிக்கே கூடுதல் புள்ளி கொடுத்தார்கள். தம் அணிக்கு வருவது குறைந்தாலும் பரவாயில்லை, எதிரணியை மிஞ்சினால் போதும் என்கிற போக்கும் தெரிந்தது. 1971இல் வெளியான ஆய்வு. பழைய பகை எதுவும் தேவையில்லை, ஒரு கோடு கிழித்தாலே போதும். இதைக் கேட்டதும் எங்கள் லேத் பிரிவு மேற்பார்வையாளர் பட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மதியத்துக்குப் பின் எல்லாம் சரிந்தது. 1954இல் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் முசாஃபர் ஷெரீஃப் என்ற உளவியலாளர் நடத்திய முகாமைப் பற்றிப் பயிற்றுநர் பேசினார். ஒரே மாதிரிக் குடும்பங்களிலிருந்து வந்த 22 சிறுவர்கள், இரண்டு அணிகள், பரிசுப் போட்டி. சில நாட்களில் கொடியை எரித்தார்கள், அறைகளைச் சூறையாடினார்கள். கதையை அங்கேயே நிறுத்தி, “ஆகவே சேர்ந்து சாப்பிடுங்கள், பேசிப் பழகுங்கள்” என்று முடித்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். அந்த முகாமில் சேர்ந்து சாப்பிட வைத்தும் பார்த்தார்கள். பையன்கள் சாப்பாட்டை ஒருவர்மேல் ஒருவர் வீசினார்கள். குடிநீர் நின்றுபோய் இரு அணியும் சேர்ந்து கோளாறைத் தேட வேண்டிவந்தபோது, நின்றுபோன லாரியை ஒரே கயிற்றில் இழுத்தபோதுதான் பகை தணிந்தது. கோர்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளரும் அதே ஆண்டில் எழுதினார்: வெறும் பழக்கம் போதாது, சம அந்தஸ்து, பொது நோக்கம், கூட்டு உழைப்பு, மேலிடத்தின் ஆதரவு வேண்டும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரியில் இதைக் கண்ணால் பார்த்தேன். எங்கள் அடுக்ககத்துக்கும் பின்புறக் குடிசைகளுக்கும் ஒரே படகு, ஒரே அண்டாவில் சாம்பார் சாதம். தண்ணீர் வடிந்தது. வீட்டு வேலைக்கு வருபவர்கள் லிஃப்டில் ஏறக் கூடாது என்ற பலகை, குடியிருப்போர் சங்கத்தின் பெயரோடு அப்படியே இருந்தது. மேலிடம் அந்தப் பக்கம் நின்றால் சாம்பார் சாதம் என்ன செய்யும்?

நாள் முழுவதும் சாதி என்ற சொல்லே வரவில்லை. வாடகை வீடு தேடிப் போனால் “நீங்கள் என்ன ஆட்கள்?” என்று தரகர் கேட்பதைப் பற்றி ஒருவர் ஆரம்பித்தார், அது வேறு தலைப்பு என்று பயிற்றுநர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். அடுத்த படம் அமெரிக்காவில் கறுப்பரும் வெள்ளையரும். கடைசியாக, உள்மனச் சாய்வை அளக்கும் கணினித் தேர்வு ஒன்றை வைத்து ஆளுக்கொரு மதிப்பெண் கொடுத்தார்கள். தனிநபரை எடைபோட அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அந்தத் தேர்வை உருவாக்கியவர்களே எச்சரித்திருக்கிறார்கள். எங்கள் ஆட்களோ யாருக்கு எவ்வளவு என்று ஒப்பிட்டுச் சிரித்துக்கொண்டு பஸ் ஏறினார்கள்.

அடுத்த ஆண்டும் ஆட்களை அனுப்பலாமா என்று மேலாளர் கேட்டார். காலை அமர்வுக்கு மட்டும் கட்டணம் வாங்குவார்கள் என்றால் அனுப்பலாம், மதியம் தொழிற்சாலைக்குத் திரும்பிவிடலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.