மண் சலிக்க எது தோது: சாய்வுச் சல்லடையா, அதிர்வுச் சல்லடையா, சுழலும் உருளையா?

தோட்ட வேலைக்கு வந்து இறங்கும் மண் லோடில் மண் மட்டும் இருப்பதில்லை. வேர்க்கட்டை, சரளை, செங்கல் துண்டு, கண்ணாடிச் சில்லு, பாலிதீன் கிழிசல் என எல்லாம் கலந்து வருகின்றன. அவற்றில் மிகவும் பொல்லாதது கோரைக்கிழங்கு. அதைப் பிரித்தெடுக்காமல் புல்தரை போட்டால், பதித்த புல் வேர் பிடிப்பதற்கு முன்பே கோரை தலை நீட்டிவிடும். பிறகு அதைக் கையால் பிடுங்கி மாளாது. எனவே மண்ணைச் சலித்துத்தான் ஆக வேண்டும்.

சிக்கல் கருவியில்தான் இருக்கிறது. ஒரு பக்கம் கடையில் விற்கும் கைச்சல்லடை. இன்னொரு பக்கம் கல்குவாரிக்கும் பெரிய உரக்கிடங்குக்கும் செய்யப்பட்ட ராட்சத இயந்திரங்கள். வீடு வீடாகப் போய்த் தோட்டம் அமைத்துத் தருபவருக்கும் சிறிய நாற்றுப்பண்ணை வைத்திருப்பவருக்கும் ஏற்ற, விலை குறைந்த, தூக்கிச் செல்லக்கூடிய இயந்திரம் எப்படி இருக்க வேண்டும் என்பதை யோசித்தால், குவாரி இயந்திரத்தைச் சிறிதாக்குவது வழியல்ல என்பது என் உறுதியான எண்ணம். காரணம் மண்வெட்டி.

1000 சதுர அடிப் புல்தரைக்கு இரண்டு அங்குல உயரம் சலித்த மண் பரப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய 167 கன அடி தேவை. ஒரு யூனிட் என்பது 100 கன அடி. ஆக ஒன்றே முக்கால் யூனிட்டை நெருங்குகிறது. தளர்ந்த மண்ணின் எடையில் ஆறு டன் அளவுக்கு வரும். இந்த ஆறு டன்னையும் எந்தக் கருவியாக இருந்தாலும் ஓர் ஆள் மண்வெட்டியால் அள்ளித்தான் போட வேண்டும். நிதானமாக வேலை செய்யும் ஒருவர் நிமிடத்துக்கு ஐந்தாறு வெட்டு அள்ளுவார். ஒரு வெட்டுக்கு நான்கு ஐந்து கிலோ. மணிக்கு ஒன்றரை டன் என்பதே ஆளின் வேகம். மணிக்குப் பத்து டன் சலிக்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தினாலும், அதன் வாய்க்குள் போவது ஒன்றரை டன்தான். எஞ்சிய திறன் முழுக்க வீண் எடை, வீண் செலவு. நமக்கு வேண்டியது மணிக்கு ஒன்றரை டன்னைத் தொந்தரவில்லாமல் சலிக்கும் கருவி. இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு மூன்றையும் பார்ப்போம்.

அதற்கு முன் கண்ணளவு, அதாவது சல்லடைத் துளையின் அளவு பற்றி ஒரு வார்த்தை. மண் பரிசோதனைக் கூடத்தில் 2 மி.மீ. சல்லடை பயன்படுத்துகிறார்கள் என்பதற்காகத் தொட்டி மண்ணையும் அவ்வளவு நுணுக்கமாகச் சலிப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அப்படிச் சலித்த மண் இரண்டு முறை தண்ணீர் ஊற்றியதுமே இறுகிவிடும். வேருக்குக் காற்று கிடைக்காது. தொட்டிக்கும் பைக்கும் கால் அங்குலக் கண் போதும். புல்தரைக்கு அரை அங்குலம் போதும் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் கோரை உள்ள மண்ணாக இருந்தால் அங்கேயும் கால் அங்குலத்துக்கு இறங்க வேண்டும். மெலிந்த கிழங்குகள் அரை அங்குலக் கண்ணில் சுலபமாக நழுவிப் போய்விடும். மண்புழு உரத்தின் கதை வேறு. உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி அதில் குறைந்தது 90 சதவீதம் 4 மி.மீ. சல்லடை வழியே இறங்க வேண்டும்.

சாய்வுச் சல்லடை

கட்டட வேலை நடக்கும் இடத்தில் எல்லோரும் பார்த்ததுதான். ஆங்கிள் சட்டத்தில் கம்பி வலையை இழுத்துக் கட்டி, பின்னால் இரண்டு கால் கொடுத்துச் சாய்த்து நிறுத்தியிருப்பார்கள். மின்சாரம் வேண்டாம், பழுது என்று எதுவும் இல்லை, ஒருவரே தோளில் போட்டுக்கொண்டு போய்விடலாம். விலையிலும் எடையிலும் இதை வெல்ல எதுவும் கிடையாது. வலை வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். 45 டிகிரி சாய்வில், மேலிருந்து விழும் மண்ணுக்கு 10 மி.மீ. கண் ஏறக்குறைய 7 மி.மீ. கண்ணாகத்தான் திறந்திருக்கும். ஆகவே வேண்டிய அளவைவிடச் சற்றுப் பெரிய கண்ணுள்ள வலையை எடுக்க வேண்டும்.

காய்ந்த மணலுக்கு இது அருமையான கருவி. செம்மண்ணுக்கும் கரிசலுக்கும்தான் சறுக்குகிறது. கட்டியாக இருக்கும் நல்ல மண், வலையைத் தொட்டும் தொடாமலும் உருண்டு கீழே கப்பியோடு சேர்ந்துவிடுகிறது. அந்தக் கப்பியை மண்வெட்டியின் பின்புறத்தால் தட்டி உடைத்து மறுபடி எறிய வேண்டும். கரிசல் காய்ந்து பாளம் பாளமாக இருக்கும் கோடையில், ஒரு முறை சலிப்பதற்கு இரண்டு முறை கூலி ஆகிறது. வலையைத் தட்டையான பெட்டியாகச் செய்து முக்காலியில் கயிறு கட்டித் தொங்கவிட்டு ஆட்டுவது இதைவிட மேல். கட்டி கொஞ்சம் உடையும். இருபது முப்பது பைகள் வைத்திருக்கும் மாடித் தோட்டக்காரருக்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. ஓர் அடி விட்டமும் ஓர் அடி உயரமும் உள்ள இருபது பைகளை நிரப்ப மொத்தம் பதினாறு கன அடிதான் வேண்டும்; அதிலும் பாதி தொழு உரமும் தென்னை நார்க்கழிவுமாக இருக்கும்.

அதிர்வுச் சல்லடை

இயந்திரம் என்றதும் பட்டறையில் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். ஸ்பிரிங் மேல் ஒரு தட்டு, மோட்டார் தண்டில் ஒரு பக்கமாகப் பொருத்திய எடை, அவ்வளவே. பார்க்க எளிது. ஆனால் உள்ளே நடப்பது எளிதல்ல. தண்டின் மையத்திலிருந்து ஐந்து செ.மீ. தள்ளி ஒரு கிலோ எடையை வைத்து, சாதாரண 1440 சுற்று மோட்டாரை ஓட்டினால், அந்த எடை சட்டத்தை இழுக்கும் விசை 115 கிலோவைத் தாண்டுகிறது. அதுவும் நொடிக்கு 24 முறை திசை மாறி மாறி. மெல்லிய ஆங்கிளில் அவசரமாக வைத்த வெல்டிங் இதை நீண்ட நாள் தாங்காது. விரிசல் முதலில் வலைச் சட்டத்தின் மூலையில் தொடங்கும். அதைத் தவிர்க்கக் கனமான இரும்பு போட்டால், தூக்கிச் செல்லும் இயந்திரம் என்ற பெயர் போய்விடும். எடை குறைந்தால் உடைகிறது. உடையாமல் செய்தால் நகர்த்த முடிவதில்லை. சிறிய அளவில் இந்த முடிச்சை அவிழ்ப்பது கடினம்.

ஈரம் இரண்டாவது குறை. ஓரளவு ஈரமுள்ள செம்மண் அதிரும் வலையில் விழுந்தால், களி கம்பியில் அப்பிக்கொண்டு கண்ணை அடைக்கிறது. அதிர்வு அந்தப் படலத்தை உதறாமல் மேலும் அழுத்தித் தட்டையாக்குகிறது. மூன்றாவது, சத்தம். குடியிருப்புத் தெருவில் நாள் முழுக்க இதை ஓட்டினால் அக்கம்பக்கத்தார் வந்து நிற்பார்கள். அவர்கள் கேட்பதும் நியாயம்தான்.

இதன் பக்கம் இருக்கும் நியாயத்தையும் சொல்ல வேண்டும். உலர்ந்த பொருளை 4 மி.மீ.க்கும் கீழே சலிக்க இதுவே சிறந்தது. வலையின் முழுப் பரப்பும் வேலை செய்கிறது. தட்டை வலை என்பதால் நான்கு போல்ட்டைக் கழற்றிக் கண்ணளவை மாற்றிவிடலாம். ஒரே இடத்தில் சிமென்ட் தரையில் பொருத்தி, உலர்ந்த மண்புழு உரமோ நார்க்கழிவோ சலிப்பவர் தயங்காமல் இதை வாங்கலாம். ஊர் ஊராக எடுத்துப் போகிறவர் வாங்கக் கூடாது.

சுழலும் உருளை

என் ஓட்டு இதற்குத்தான். வலையை உருளையாகச் சுற்றி, மூன்று முதல் ஆறு டிகிரி வரை சாய்த்து, மெதுவாகச் சுழற்றுவது. மண் மேலேறி விழுந்து, மேலேறி விழுந்து, கட்டிகள் தாமாகவே உடைகின்றன. நல்ல மண் கீழே கொட்டுகிறது. கல்லும் கிழங்கும் வேரும் மறுமுனையில் வெளியேறுகின்றன. சாய்வுச் சல்லடையில் மண்வெட்டியால் தட்டி உடைத்த வேலையை இங்கே உருளையே செய்துவிடுகிறது. கூலி மிச்சமாவது இந்த இடத்தில்தான்.

விலை குறைவதற்கான சூட்சுமம் சைக்கிள் ரிம்மில் இருக்கிறது. பழைய 28 அங்குல சைக்கிளின் ரிம் சுமார் 64 செ.மீ. விட்டம் உடையது. இரு முனைக்கு இரண்டு, நடுவில் ஒன்று என மூன்று ரிம்கள் போதும். அதன் சுற்றளவு ஆறரை அடிக்குச் சற்று மேல். நான்கடி அகல வலைச் சுருளில் ஏழடி நீளம் வெட்டினால் உருளை தயார். டயர் உட்காரும் பள்ளமே, உருளையைத் தாங்கும் டிராலிச் சக்கரங்கள் ஓடும் தடமாகிவிடுவதால் லேத்தில் கடைய வேண்டியது எதுவும் இல்லை.

வேகத்தில் மட்டும் கணக்குப் பிசகக் கூடாது. இந்த விட்டத்துக்கு நிமிடத்துக்கு 53 சுற்றை எட்டினால், மண் கீழே விழாமல் வலையோடு ஒட்டிக்கொண்டே சுற்றும். அதில் 40 சதவீத அளவு, அதாவது 21, 22 சுற்றுதான் சலிக்க ஏற்றது. 1440 சுற்று அரைக் குதிரைத்திறன் மோட்டாரோடு பத்துக்கு ஒன்று குறைக்கும் கியர் பெட்டியைச் சேர்த்து, அதன் தண்டில் நான்கு அங்குல ரப்பர் சக்கரத்தை மாட்டி, ரிம்மின் மேல் அழுத்தினால் 22, 23 சுற்றுக்கு வந்துவிடும். செயினையும் பல்சக்கரத்தையும்விட இந்த ரப்பர் சக்கரத்தை நான் விரும்புவதற்கு ஒரு காரணம் உண்டு. உள்ளே கல் சிக்கிக்கொண்டால் சக்கரம் வழுக்கும், கியர் உடையாது. அப்படியும் சக்கரமும் ரிம்மும் சேரும் இடத்தைத் தகடு போட்டு மூடியே ஆக வேண்டும். தோட்ட வேலைக்கு வருபவர்களில் பலர் பெண்கள். சேலைத் தலைப்பு ஒரு முறை அங்கே சிக்கினால் போதும். ஈரத் தரையில் வேலை நடப்பதால் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரும் கட்டாயம். வேலை செய்பவருக்கு மூக்குக் கவசமும் வாங்கித் தர வேண்டும். இந்த மூன்றிலும் பணம் மிச்சம் பிடிப்பது சிக்கனமாகாது.

உருளைக்கும் குறை உண்டு. எந்த நேரத்திலும் வலையின் அடிப்பகுதி மட்டுமே, மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ, வேலை செய்கிறது. குவாரிக்காரருக்கு அது பெரிய இழப்பு. மணிக்கு ஒன்றரை டன் போதும் என்ற நமக்கு அது பொருட்டே இல்லை. கண்ணளவை மாற்றுவதுதான் உண்மையான தொல்லை. வலையைக் கம்பியால் கட்டாமல், பட்டை இரும்பும் போல்ட்டும் வைத்துப் பிடித்தால் பாதி குறையும். மிகுந்த ஈரமான களிமண்ணை உருளையும் சலிக்காது. உருண்டை உருண்டையாக உருட்டி வெளியே அனுப்பிவிடும். ஒரு பிடி மண்ணைக் கையில் இறுக்கிப் பிடித்து, விரலால் குத்திப் பார்க்க வேண்டும். உதிர்ந்தால் சலிக்கலாம். உதிராவிட்டால் வெயிலில் பரப்பிவிட்டுக் காத்திருப்பதே வழி. உருளையின் மேல் ஒரு நீளத் தேய்ப்பான் பிரஷை வலையில் உரசும்படி பொருத்தினால், அப்பிய மண்ணை அதுவே தள்ளிவிடும்.

தூக்கிச் செல்வது என்றால் சக்கரம் மாட்டுவது என்று நினைத்துவிடுகிறார்கள். வீட்டு வாசற்படியிலும் மாடிப்படியிலும் சக்கரத்தால் என்ன பயன்? உருளை, சட்டம், மோட்டார் என மூன்றாகக் கழல வேண்டும். ஒவ்வொன்றையும் இருவர் சிரமமின்றித் தூக்க வேண்டும். நான்கடி நீள உருளை மூன்றடி அகல மாடிப்படியில் ஏறிவிடும். குட்டி யானை வண்டியில் இதை ஏற்றிய பிறகும் மண்வெட்டி, சாக்கு, நாற்றுத் தட்டு எல்லாவற்றுக்கும் இடம் இருக்கும். ஊற்றும் வாய் இடுப்பு உயரத்தைத் தாண்டக் கூடாது. இதற்காகவே உருளைக்கு அடியில் தள்ளுவண்டியை நிறுத்தும் ஆசையை விட்டுவிட வேண்டும். வண்டிக்கு இடம் கொடுத்தால் வாய் மார்பளவுக்கு ஏறிவிடும். ஆறு டன்னையும் அந்த உயரத்துக்குத் தூக்குவது மனித முதுகு. கீழே ஒரு சாய்ந்த தகட்டைப் போட்டால் மண் பக்கவாட்டில் குவியும்.

மோட்டார் இல்லாமல் கைப்பிடி போட்டுச் சுற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. உருளைக்குள் முப்பது கிலோ மண் கிடந்தால் அதைச் சுழற்ற நூறு வாட்டுக்கு மேல் வேண்டும். மனிதர் தொடர்ந்து தரக்கூடியது 75 வாட் அளவுதான். பத்துப் பன்னிரண்டு கிலோவாக இட்டுச் சுற்றினால் முடியும்; சமுதாயத் தோட்டத்துக்கும் பள்ளித் தோட்டத்துக்கும் அது நல்ல ஏற்பாடு. கூலி கொடுத்து வேலை வாங்குபவருக்கு மோட்டாரே மலிவு.

செலவில் பெரும்பகுதி மோட்டாருக்கும் கியர் பெட்டிக்கும்தான் போகும். ரிம்மும் வலையும் ஆங்கிளும் அதற்குப் பக்கத்தில் வரா. கோவை கணபதி போன்ற பட்டறைப் பகுதிகளில் பழைய கியர் பெட்டி தேடினால் கிடைக்கும். ஆனால் பழையதில் நாம் நினைத்த பத்துக்கு ஒன்று அப்படியே அமையாது. பதினைந்துக்கு ஒன்று கிடைத்தால் ரப்பர் சக்கரத்தை ஆறு அங்குலமாக்கிச் சரிக்கட்டலாம். ஆகவே கியர் பெட்டியைக் கையில் வாங்கிய பிறகே சட்டத்துக்கு இரும்பு வெட்டக் கொடுக்க வேண்டும்.