நாடா ஓரிடம், உரிமை வேறிடம்: ஓர் அனுமதி பெற்றுத்தரும் சேவையைப் பற்றி

சுயாதீனமாக எடுத்த ஆவணப்படத்தில் பழைய வானொலி நேர்காணல், மேடைப் பேச்சு, இசைத்தட்டுப் பாடல் என ஏழு ஒலித்துண்டுகளைச் சேர்த்திருந்தேன். அவற்றுக்குப் பதிப்புரிமை அனுமதி பெற்றுத்தரும் பொறுப்பை ஏற்ற ஒரு சிறிய நிறுவனத்தின் சேவையைப் பற்றியது இம்மதிப்புரை.

உரிமையாளர்களுக்குக் கடிதம் எழுதுவதைக் காட்டிலும், ஒரே துண்டுக்குள் எத்தனை உரிமைகள் அடங்கியிருக்கின்றன என்று பிரித்தறிவதில்தான் அவர்களுடைய திறமை தெரிந்தது. காப்பகத்துக்குக் கட்டணம் செலுத்தி நேர்காணலின் நகலை வாங்கியதுமே அனுமதியும் கிடைத்துவிட்டதாக நான் நம்பியிருந்தேன். நாடாவைப் பாதுகாப்பவர் பெரும்பாலும் அதன் உரிமையாளர் அல்லர் என்பதையும், பதிவின் உரிமை ஒலிபரப்பிய நிலையத்திடமும் பேசியவரின் சொற்களுக்கான உரிமை அவரிடமோ அவருடைய வாரிசுகளிடமோ இருக்கக்கூடும் என்பதையும், பின்னணியில் மெலிதாகக் கேட்கும் பாட்டுக்கு இசை, வரிகள், ஒலிப்பதிவு என்று தனித்தனியே அனுமதி வேண்டும் என்பதையும் முதல் அறிக்கையிலேயே எழுதியிருந்தார்கள். பல மாதங்கள் படத்தொகுப்பு மேசையில் இருந்தும் அப்படியொரு பாட்டு அங்கே ஒலிப்பதை நான் கவனித்ததே இல்லை!

இசைத்தட்டு 1924இல் வெளியானது. அமெரிக்காவின் 2018ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த ஆண்டின் ஒலிப்பதிவுகளுக்கான பாதுகாப்பு 2024 இறுதியோடு முடிந்துவிட்டது. ஆனால் பாடலை இயற்றியவர் இறந்து 70 ஆண்டுகள் ஆகாததால் ஐரோப்பாவில் திரையிடுவதற்கு அவருடைய வாரிசுகளின் ஒப்புதல் வேண்டியிருந்தது. சில நொடிகள் மட்டும் எடுத்தால் அனுமதியே வேண்டாம் என்று படக்காரர்கள் சொல்லிக்கொள்ளும் விதி எந்தச் சட்டத்திலும் இல்லை என்பதையும் தயங்காமல் சொன்னார்கள்.

குறை உரிமத்தின் எல்லையில் இருந்தது. செலவைக் குறைப்பதற்காகத் திரைப்பட விழாக்களுக்கு மட்டுமான உரிமத்தைப் பெற்றவர்கள், பின்னாளில் அதை எல்லா ஊடகங்களுக்கும் விரிவாக்க வேண்டியிருந்தால் என்ன விலை என்பதை அப்போதே ஒப்பந்தத்தில் எழுதி வாங்கவில்லை. விநியோகஸ்தர் உலகளாவிய, காலவரையற்ற உரிமம் கேட்டபோது பேச்சுவார்த்தையை மறுபடி தொடங்க நேர்ந்தது. மற்ற உரிமையாளருக்கு அதிகம் கொடுத்தால் தமக்கும் அதே தொகை வேண்டும் என்று உரிமையாளர்கள் கேட்கும் நிபந்தனையை இரண்டு ஒப்பந்தங்களில் எனக்கு விளக்காமலேயே சேர்த்திருந்ததால், மலிவாகக் கிடைத்த துண்டுகளும் விலையேறின.

இவ்வளவுக்குப் பிறகும் அடுத்த படத்துக்கு இவர்களிடமே போவேன்; ஆனால் படத்தொகுப்பு முடிவதற்கு முன்பே போவேன். மேடைப் பேச்சின் உரிமையாளரைக் கண்டுபிடிக்க இயலவில்லை. தேடிய விவரங்களை முறையாகத் தொகுத்துக் கொடுத்தும், உரிமை தொடர்பான வழக்கு வந்தால் படத்துக்கு ஏற்படும் இழப்பை ஈடுசெய்யும் காப்பீட்டு நிறுவனம் ஏற்கவில்லை. அதே பேச்சை ஒரு நடிகரைக் கொண்டு படிக்கச் செய்யலாமா என்று கேட்டேன். குரல் மாறினாலும் சொற்கள் மாறுவதில்லை என்று பதில் வந்தது. அந்த 40 நொடிகளும் இப்போது படத்தில் இல்லை.