கல்லூரி வழியா, அகாடமி வழியா: ரீமும் ரிச்சர்ட்ஸும்

கால்பந்தில் அமெரிக்கத் தடுப்பாட்டக்காரர் ஐரோப்பாவுக்குப் போக முன்பு இருந்த வழக்கமான வழி கல்லூரிதான். டிம் ரீம் அப்படி வந்தவர். செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தில் ஆடி முடித்து, 2010 டிராஃப்டில் (அமெரிக்க லீக் அணிகள் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் முறை) 18ஆவது ஆளாக நியூயார்க் ரெட் புல்ஸுக்குப் போனார். 2012 ஜனவரியில் இங்கிலாந்தின் போல்டன்; அந்த சீசனிலேயே அணி அங்கே முதல்நிலை லீகான பிரீமியர் லீகிலிருந்து கீழே இறங்கியது. அப்புறம் 2015இல் லண்டன் அணியான ஃபுல்ஹாம். அங்கேயும் ஏற்றமும் இறக்கமும்தான். முதல் உலகக்கோப்பை 2022இல், 35 வயதில்! அதில் அமெரிக்காவின் நான்கு ஆட்டங்களிலும் தொடக்கத்திலிருந்தே களத்தில் இருந்தார். இடது காலால் நிதானமாகப் பந்தைக் கடத்தும் அந்தப் பக்குவம் மெதுவாகத்தான் வரும் போல.

கிறிஸ் ரிச்சர்ட்ஸ் கல்லூரிப் பக்கமே போகவில்லை. அலபாமா பையன், எஃப்சி டல்லாஸ் அகாடமி (அணியே நடத்தும் இளையோர் பயிற்சிப் பள்ளி), 18 வயதில் ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக். கேட்கவே பிரமாதம். ஆனால் அங்கே முதல் அணியில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. இன்னொரு ஜெர்மன் அணியான ஹாஃபன்ஹைமுக்கு இரவலில் (தற்காலிகமாக) போய்த்தான் தொடர்ந்து ஆடினார். 2022இல் இங்கிலாந்தின் கிரிஸ்டல் பேலஸ் அணி, அதே ஆண்டு காயத்தால் உலகக்கோப்பை போச்சு. 2025இல் அந்த அணியோடு இங்கிலாந்தின் எஃப்ஏ கோப்பை வென்றார்.

சம்பளமும் பயிற்சியும் முக்கியம் என்றால் அகாடமிதான். தாமதமாக முதிர்கிற பையனுக்கு, என் கணக்கில், கல்லூரி இன்னும் மோசமில்லை. கையில் பட்டமும் இருக்கும்.