இறக்கையா, தள்ளுவிசிறியா: ஹெலிக்கு எது உதவும்?

பட்டத்துக்கு முச்சை கட்டும்போது கோணம் கொஞ்சம் பிசகினாலும் அது தலைகுத்திக் கீழே வரும் என்பது வல்வெட்டித்துறைப் பொடியனுக்குத் தெரியும். ஹெலிகொப்டரின் வேகத்தைக் கூட்ட அதற்கு இறக்கை பூட்டலாம், அல்லது முன்னே தள்ளும் தனி விசிறி ஒன்றை, அதாவது தள்ளுவிசிறியை, சேர்க்கலாம். இறக்கை பூட்டுவதிலும் முதல் சிக்கல் கோணம்தான்.

வழமையான ஹெலிக்கு வேகத்தில் ஓர் எல்லை உண்டு. முன்னே பறக்கையில் மேல்விசிறியின் ஒரு பக்கத்து அலகு (விசிறியின் இதழ்) காற்றை எதிர்த்து வருகிறது, மறுபக்கத்து அலகு பின்வாங்குகிறது. வேகம் கூடினால் பின்வாங்கும் அலகு தூக்க முடியாமல் தவிக்கும்; எதிர்த்து வரும் அலகின் நுனி ஒலியின் வேகத்தை நெருங்கும். 1986இல் பிரித்தானியாவின் லிங்ஸ் ஹெலி மணிக்கு 400 கி.மீ.யைத் தொட்டது. வழமையான அமைப்புக்கு அது உச்சம்.

சரி, இறக்கையை மட்டும் சேர்த்தால்? போர்க்காலத்தில் எம்.ஐ.24 தாக்குதல் ஹெலியை அண்ணாந்து பார்த்தவர்களுக்கு, இரு பக்கமும் கீழ்நோக்கிச் சரிந்த அதன் குட்டை இறக்கைகள் நினைவிருக்கும். வேகமாகப் பறக்கும்போது எடையில் ஏறத்தாழ கால்பங்கை அவை தாங்கும். ஆனால் ஹெலி முன்னே போக மூக்கைத் தாழ்த்த வேண்டும்; மூக்கோடு இறக்கையும் தாழ்ந்து தூக்கலை இழக்கும். அதனால்தான் அவற்றை 19 பாகை நிமிர்த்திப் பூட்டினார்கள். அப்போதும் சிக்கல் முழுதாகத் தீரவில்லை. இறக்கை சுமையை வாங்க வாங்க மேல்விசிறி ஹெலியை முன்னே இழுக்கும் விசை குறையும், அதை ஈடுகட்ட மூக்கை இன்னும் தாழ்த்த வேண்டும். இறுக்கமாகத் திரும்பினால் உட்பக்க இறக்கை தூக்கலை இழந்து, ஹெலி அந்தப் பக்கமே மேலும் சரியும்.

அந்தரத்தில் நிற்கும்போது இறக்கை வெறும் பாரம். வீட்டு மின்விசிறிக்கு நேர்கீழே ஒரு சுளகைப் பிடித்துப் பாருங்கள், காற்று அதைக் கீழே அமத்தும். மேல்விசிறியின் காற்று இறக்கையை அமத்துவதும் அப்படித்தான்.

தள்ளுவிசிறியை மட்டும் சேர்த்த வழி இதைவிடச் சுத்தமானது. சிகோர்ஸ்கியின் எக்ஸ்2 ஒன்றின்மேல் ஒன்றாக எதிரெதிரே சுழலும் இரு விறைத்த விசிறிகளையும் வாலில் ஒரு தள்ளுவிசிறியையும் வைத்து, இறக்கையே இல்லாமல் 2010இல் 463 கி.மீ. வேகம் போனது. மூக்கைத் தாழ்த்தாமலே முன்னேறலாம். விலையாக வருவது அதிர்வு.

இரண்டையும் சேர்த்தது ஐரோப்பிய எக்ஸ்3. 2013இல் 472 கி.மீ. இறக்கை நுனிகளில் உள்ள இரு முன்விசிறிகளின் உந்துதலைக் கூட்டிக் குறைத்து, மேல்விசிறியின் எதிர்விசையில் உடல் சுழலாமல் தடுக்கும் வால்விசிறியின் வேலையையும் முடித்துவிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. ஆனால் சமநிலையில் கவனம் வேண்டும். சுமை குறைந்த மேல்விசிறிக்குக் கட்டுப்படுத்தும் பலமும் குறையும். வேகத்தில் என்ஜின் நின்றால், இறக்கை சுமையை விடாமல் பிடித்திருப்பதால் விசிறியின் சுழற்சி சட்டென்று விழும். இறக்கையும் தள்ளுவிசிறியும் கொண்ட அமெரிக்க ஷயான் ஹெலி ஒன்றில், 1969இல், மேல்விசிறி கட்டுக்கடங்காமல் ஆடி உடலையே வெட்டியது. விமானி இறந்தார், 1972இல் திட்டமும் நின்றது.

எங்கள் தேவைக்கு எது? பலாலியிலிருந்து கொழும்பு 300 கி.மீ. என்று வைத்தால், மணிக்கு 250 கி.மீ. வேகத்தில் 72 நிமிடம், 400இல் 45. இங்கே இறக்கையும் தள்ளுவிசிறியும் சேர்ந்ததுதான் என் தெரிவு. நெடுந்தீவு வேறு கதை. குறிகட்டுவானிலிருந்து படகில் ஒரு மணித்தியாலம், கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. அங்கிருந்து நோயாளியை யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் வான்வழித் தூரம் 40 கி.மீ.க்குள். வேக ஹெலியால் மிச்சமாவது நான்கு நிமிடம்கூட இல்லை. அதற்காக அந்தரத்தில் தூக்கும் பலத்தை இழக்க நான் சம்மதிக்கமாட்டேன். அதோடு, ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு சனம் கதவடிக்கு ஓடிவரும்போது, பக்கத்திலேயே ஆள் உயரத்தில் இன்னொரு விசிறி சுழன்றுகொண்டிருக்கக் கூடாது.