ஓய்வு பெற்ற தாசில்தார் நடத்தும் இலவசப் படிப்பகம்: ஒன்றரை வருடம் படித்த அனுபவம்

டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் குரூப் 4 அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்க இடம் தேடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். நடத்துகிறவர் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து தாசில்தாராக ஓய்வு பெற்றவர். எங்களுக்கெல்லாம் ஐயா. ஓய்வு பெறும்போது கைக்கு வந்த பணத்தில் வீட்டு மாடியில் ஒரு கூடம் கட்டி, மேசை நாற்காலி, சமச்சீர் புத்தகங்கள் எல்லாம் வாங்கிப் போட்டார், கரண்ட் பில்லும் வினாத்தாள் செலவும் இன்றுவரை அவர் பென்ஷனில்தான் ஓடுகிறது. ஒரு ரூபாய் வாங்குவதில்லை. தேர்வாணையத்துக்குக் கட்ட வேண்டிய ஒருமுறைப் பதிவுக் கட்டணம் 150, தேர்வுக் கட்டணம் 100, இதையும் கட்ட முடியாத பிள்ளைகளுக்கு அவரே கட்டிவிடுவார்.

தமிழ்ப் பகுதிக்கு இதைவிட நல்ல இடம் நான் பார்க்கவில்லை. 100 கேள்வி, 150 மதிப்பெண், அதில் 60 வராவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள் என்பதால் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை தமிழ்ப் புத்தகத்தை வரி விடாமல் படிக்க வைக்கிறார். ஞாயிறுதோறும் 200 கேள்விக்கு மாதிரித் தேர்வு, மூன்று மணி நேரம், ஓ.எம்.ஆர். தாளோடு. தெரியாத கேள்வியை வெறுமனே விடாமல் 'விடை தெரியவில்லை' வட்டத்தைக் கருப்பாக்கும் பழக்கம் எனக்கு அங்கேதான் வந்தது.

கணக்கு சுமார். அந்த 25 கேள்விக்குச் சொல்லிக்கொடுக்க நிலையாக ஆள் இல்லை, வேறு வழி பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே போன் கூடாது என்பதில் எனக்கு உடன்பாடில்லை, நடப்பு நிகழ்வுகளைப் பாதிப் பேர் போனில்தான் படிக்கிறோம். கழிப்பறை ஒன்றே ஒன்று.

இதெல்லாம் இருந்தும் நான் வேறு இடம் போகாததற்குக் காரணம் சனிக்கிழமை மதியம். அன்றைக்குக் கீழே திண்ணையில் ஊர்க்காரர்கள் மனு எழுத வருவார்கள், எழுதுவது நாங்கள். எனக்கு முதலில் வந்தது ஒரு வயதான அம்மா. வீட்டுக்காரர் இறந்துவிட்டார், பட்டா அவர் பெயரில் இருக்கிறது, மாற்ற வேண்டும். பத்து நிமிடத்தில் அழகாக எழுதிக் கொண்டுபோய் நீட்டினேன். ஐயா படித்துவிட்டு அந்த அம்மாவிடம் இரண்டே கேள்வி கேட்டார்: பிள்ளைகள் எத்தனை பேர், வாரிசுச் சான்று வாங்கியாச்சா? இரண்டு மகன்கள், சான்று இல்லை. நிலத்தைப் பிரிக்கப் போகிறார்கள் என்பதும் அப்புறம்தான் தெரிந்தது. அப்படியானால் உட்பிரிவு, அதாவது நிலத்தைத் தனித்தனிப் பங்காகப் பிரித்துப் பதிவது, சர்வேயர் வந்து அளக்க வேண்டும், விஷயமே வேறு. "நீ எழுதினதை வச்சுக்கிட்டுப் போயிருந்தா அவங்க எத்தனை நாள் கூலியை விட்டுட்டு ஆபீஸுக்கு நடக்கணும், யோசிச்சுப் பாரும்மா" என்றார், அவ்வளவுதான். நான் அந்த மனுவைக் கிழித்துவிட்டு வாரிசுச் சான்றுக்கு எழுதினேன்.

தேர்வில் பாஸாக வைக்கிற இடங்கள் நிறைய இருக்கின்றன. பாஸான பிறகு மேசைக்கு எதிரே வந்து நிற்கிறவரை எப்படிப் பார்க்க வேண்டும் என்று இவ்வளவு காலம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒருவர் தன் காசைப் போட்டுச் சொல்லிக்கொடுப்பதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. இப்போது நானும் ஒரு அலுவலகத்தில் அப்படி ஒரு மேசையில்தான் இருக்கிறேன், மனுவை வாங்கியதும் முதலில் கேள்விதான் கேட்கிறேன்.

மொத்தம் நாற்பது நாற்காலி. தேர்வு அறிவிப்பு வந்த பிறகு போனால் இடம் இருக்காது, இப்போதே போங்கள். முதல் தடவை ஒரு சனிக்கிழமை மதியமாகப் பார்த்துப் போங்கள், பேனா எடுத்துக்கொண்டு.