வயர்லெஸ் மழைமானி ரிவ்யூ: ட்ரிப்ஸ் செட் மாட்டி டெஸ்ட் பண்ணியாச்சு

முதல்லயே சொல்லிடறேன். மழை எப்ப ஆரம்பிச்சுது, எப்ப விட்டுச்சு, எந்த நேரத்துல வெளுத்து வாங்குச்சுன்னு பார்க்க இது சூப்பர் சாமான். ஆனா மொத்தம் இத்தனை மி.மீ.ன்னு இதை நம்பி யார்கிட்டயும் பந்தயம் கட்டிடாதீங்க.

நான் சொல்றது ஆன்லைன்ல மூவாயிரத்து சொச்சத்துக்கு வர்ற டப்பா. மொட்டை மாடில ஒரு சென்சார், வீட்டுக்குள்ள ஒரு டிஸ்ப்ளே. இதே டப்பா பல பேர்ல வருது, அதனால ப்ராண்டை விடுங்க. உள்ள ஒரு குட்டி சீசா பலகை மாதிரி இருக்கும், ரெண்டு பக்கமும் குழி, ஒரு பக்கம் ரொம்பினதும் கவுந்து தண்ணிய கொட்டிட்டு அடுத்த பக்கம் மேல வரும், ஒவ்வொரு தடவை கவுந்தாலும் 0.3 மி.மீ.ன்னு கணக்கு ஏறும். டிப்பிங் பக்கெட்னு சொல்றது இதைத்தான். வானிலைத் துறையோட தானியங்கி மழைமானிகள்லயும் இதே டெக்னிக்தான், ஆனா அதோட தரம் வேற.

இதை வாங்கினவங்க பாதி பேர் பக்கத்து வானிலை ஸ்டேஷன் ரீடிங்கோட ஒப்பிட்டுட்டு கரெக்ட்டு, தப்புன்னு ரிவ்யூ போட்டு வச்சிருக்காங்க. அது வேலைக்கு ஆகாதுங்க. சென்னைக்குள்ளயே நுங்கம்பாக்கம் ஸ்டேஷனுக்கும் மீனம்பாக்கம் ஸ்டேஷனுக்குமே ஒரே நாள்ல நம்பர் எங்கயோ போகும், இதுல உங்க மாடிக்கும் ஏரிக்கரை ஸ்டேஷனுக்கும் எப்படி ஒத்துப் போகும்? அதுவும் போக இந்த டிஸ்ப்ளே ராத்திரி 12 மணிக்கு ஜீரோ ஆயிடும், வானிலைத் துறை கணக்கு காலைல 8.30ல இருந்து மறுநாள் 8.30 வரைக்கும்.

டெஸ்ட் பண்ண மழையே தேவையில்ல. 1 மி.மீ. மழைன்னா ஒரு சதுர மீட்டர்ல 1 லிட்டர் தண்ணி, அவ்ளோதான் கணக்கு. இந்த சென்சாரோட வாய் 11 செ.மீ.க்கு 5 செ.மீ., அதாவது 55 சதுர செ.மீ., அதனால 110 மி.லி. தண்ணிய உள்ள விட்டா சரியா 20 மி.மீ. காட்டணும். மெடிக்கல் ஷாப்ல ஒரு ட்ரிப்ஸ் செட்டும் ஒரு பெரிய சிரிஞ்சும் வாங்கிக்கிட்டேன், சிரிஞ்சால அளந்து பாட்டில்ல ஊத்தி, ட்ரிப்ஸ் செட்ல இருக்கற அந்த உருளையை உருட்டி சொட்டோட வேகத்தை செட் பண்ணிட்டா செயற்கை மழை ரெடி (கடைக்காரர் யாருக்கு உடம்பு சரியில்லன்னு கேட்டாரு, மழைமானிக்குன்னு சொன்னதும் மேல எதுவும் கேக்கல).

மெதுவா ஒரு மணி நேரத்துக்கு இழுத்து விட்டா 19.8. அட, பரவாயில்லயேன்னு இருந்துச்சு. அதே 110 மி.லி.ய பன்னெண்டு நிமிஷத்துல விட்டா, அதாவது மணிக்கு 100 மி.மீ. வேகத்துல, 18.6தான். ஆறு நிமிஷத்துல விட்டா 17.7. திருப்பித் திருப்பி பார்த்தாலும் ஒண்ணு ரெண்டு டிப் முன்ன பின்ன, அவ்ளோதான்.

காரணம் சிம்பிள். குழி ரொம்பி கவுந்துட்டு இருக்கற அந்த அரை நொடியும் மேல இருந்து தண்ணி விழுந்துட்டேதான் இருக்கு, அது ஏற்கனவே கணக்கு முடிஞ்ச பக்கத்துல விழுந்து வீணாப் போகுது. தூறல்ல இது தெரியாது, கொட்டுற மழைல நிமிஷத்துக்கு அஞ்சு, பத்து தடவை கவுறும்போது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா போயிடுது. நம்ம ஊரு வடகிழக்கு பருவமழை எப்படிப்பட்டதுன்னு தெரியும்ல, 2015 டிசம்பர்ல தாம்பரத்துல ஒரே நாள்ல 49 செ.மீ., 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல 95 செ.மீ. அந்த மாதிரி நாள்ல 5 சதவீதம் விட்டாலே தாம்பரம் கணக்குல ரெண்டரை செ.மீ. காணாம போயிடும். அதாவது எப்ப சரியான நம்பர் வேணுமோ அப்பதான் இது காலை வாரும்.

தூறல்லயும் ஒரு சிக்கல் இருக்கு. 0.3க்கு கீழ எவ்ளோ பெஞ்சாலும் ஜீரோதான், குழில தங்கின மிச்சம் வெயில்ல காஞ்சு போயிடும். வானிலைத் துறை 2.5 மி.மீ. இருந்தாத்தான் மழை நாள்னு எண்ணும்ங்கறதால இது பெரிய குத்தம் இல்ல, விட்ருவோம்.

சென்சார் லேசா சாஞ்சிருந்தாலும் ரெண்டு குழியும் ஒரே அளவு புடிக்காது, அதனால மேஸ்திரி ரசமட்டம் வச்சு பார்த்துட்டு ஸ்க்ரூ போடுங்க. கைப்பிடிச் சுவர் ஓரமா வைக்காதீங்க, காத்து சுவர்ல மோதி சுழல்றதுல பாதி மழை வாய்க்குள்ளயே விழாது. பக்கத்துல இருக்கற சுவர், டேங்க் எதுவா இருந்தாலும் அதோட உயரத்துல ரெண்டு மடங்காவது தள்ளி வைக்கணும். அப்புறம் காக்கா. அதுக்கு உக்கார உலகத்துல வேற இடமே கிடைக்கல போல, எச்சமும் வேப்பிலையும் சேர்ந்து ஓட்டைய அடைச்சா மழை நின்னு அரை நாள் கழிச்சு சொட்டுச் சொட்டா மழை பெய்யறதா காட்டும்.

மொத்தக் கணக்குக்கு என் ஓட்டு சாதா கை மழைமானிக்குத்தான். வாய் 100 சதுர செ.மீ. இருக்கறதா பார்த்து வாங்கினா 10 மி.லி.க்கு 1 மி.மீ., அளவு கோடு போட்ட கண்ணாடி ஜாடில ஊத்தி படிச்சா முடிஞ்சுது. அதுவும் வேண்டாம்னா நேரா நிக்கற பிவிசி பைப் துண்டுக்கு அடி மூடி போட்டு ஸ்கேல் விட்டு அளங்க, மேலயும் கீழயும் ஒரே அகலமா இருந்தா எந்த சைஸ் பைப்பா இருந்தாலும் ஆழம்தான் மழை. வாய் அகலமா அடி குறுகலா இருக்கற பக்கெட்டை மாடில வச்சு போட்டோ போடறவங்க மட்டும் தயவு செஞ்சு நிறுத்துங்க, பஞ்சாங்கத்துல மூணு மரக்கால் மழைன்னு போடறதே அதுக்கு தேவலாம்.

நான் இப்ப ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சிருக்கேன், மொத்தத்துக்கு ஜாடி, நேரத்துக்கும் வேகத்துக்கும் டிஸ்ப்ளே. இந்த டப்பாவுக்கு அஞ்சுக்கு மூணு குடுப்பேன். அடில குழிய அட்ஜஸ்ட் பண்ண ரெண்டு ஸ்க்ரூ வச்சிருந்தா நாலு.